அப்பாவின் சோப்பு டப்பா

"பின் கண்ணாடி பாதிக்கு மேல இறங்காதுடா," என்றாள் அக்கா.

நான் கண்ணாடிக் கட்டையைப் பிடுங்கிவிட்டுப் பாதி உயரத்தில் வேறொன்றைச் சொருகினேன்.

சாப்பாட்டு மேசை முழுக்கப் பிளாஸ்டிக் கட்டைகள். பிள்ளைகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சொருகி வீடு கட்டுமே, அதே கட்டைகள்தான். நான் கட்டிக்கொண்டிருந்தது எங்கள் வீட்டுக் கார்.

கட்டைகளால் கட்டுவதற்கென்றே பிறந்த வண்டி அது. உடம்பில் ஒரு வளைவு கிடையாது. பார்த்தவர்கள் எல்லாரும் சோப்பு டப்பா என்றார்கள். அந்த மாடலை வாங்கியது இரண்டே பேர், ஒருத்தர் கம்பெனி முதலாளியின் மச்சான், இன்னொருத்தர் நீங்கள் என்று அப்பாவை ஆபீஸில் ஓட்டுவார்களாம். கம்பெனியே சீக்கிரத்தில் அதைக் கைகழுவிவிட்டது. அப்பா விடவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு.

அண்ணன் குனிந்து பார்த்தான். "கூரையில இன்னும் ஒரு வரிசை ஏத்து. அப்பா தலை இடிக்கும்ல."

ஏற்றினேன்.

மழை பெய்தால் அக்காவின் காலடியில் தண்ணீர் தேங்கும். மேடு வந்தால் அண்ணன் இறங்கித் தள்ள வேண்டும். சாவியைத் திருப்பும் முன் அப்பா ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்து, போலாமா ராஜா என்று கேட்பார். ராஜா கிளம்பாவிட்டால் கோபப்படாமல் இன்னொரு தரம் கேட்பார். இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

பாடம்தான். நான் அந்த வண்டியில் போனதில்லை. அதை விற்றுச் சில மாதம் கழித்துத்தான் பிறந்தேன். அக்காவுக்கும் எனக்குமே பதினோரு வயது வித்தியாசம், அண்ணனுக்கு இன்னும் கூட. யாரும் எதிர்பார்க்காத கடைக்குட்டி. எனக்கு நடை வருவதற்குள் அப்பாவும் போய்விட்டார்.

வீட்டில் நாலு பேர் கூடினால் அப்பாவைப் பற்றிப் பேச்சு வரும். அப்பாவைப் பற்றிய பேச்சு என்றால் வண்டியைப் பற்றிய பேச்சு. அவர் பாடியது வண்டியில், திட்டியது வண்டியில், வழி தப்பியும் யாரிடமும் கேட்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தது வண்டியில். நான் நடுவில் வாயைத் திறந்தால், "நீ அப்ப பொறக்கவே இல்லடா" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொல்வார்கள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் எல்லாரும் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு என்னை மட்டும் தெருவில் விட்டுப் போகிற மாதிரி இருக்கும்.

அதனால்தான் இதை ஆரம்பித்தேன். ஏறத்தான் கொடுத்துவைக்கவில்லை, கட்டியாவது பார்ப்போம் என்று.

போட்டோவை நம்பி இறங்க முடியாது. படம் எடுக்கும்போதெல்லாம் குடும்பமே வெட்கப்பட்டு வண்டியை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. ஒன்றில் ஒரு பின் விளக்கு தெரியும், இன்னொன்றில் அரை டயர். மிச்சமெல்லாம் இவர்கள் வாய்மொழிதான். நிறம் அண்ணனுக்கு மஞ்சள், அக்காவுக்குப் பச்சை. யானையைத் தடவிய குருடர்களைக் கேட்டுக் கேட்டு நான் யானை செய்துகொண்டிருந்தேன்.

கடைசியாக முன் பம்பரைச் சொருகினேன். அண்ணன் தள்ளி நின்று பார்த்தான். அப்படியே இருக்கிறது என்றான். அக்கா மூக்கை உறிஞ்சினாள்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. யார் வீட்டு வண்டியோ போல இருந்தது. இவ்வளவு மெனக்கெட்டும் நான் வெளியேதான் நிற்கிறேன் என்று அழுகையாக வந்தது.

சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா கையில் துண்டோடு எழுந்து வந்தாள். வண்டிப் பேச்சில் அவள் கலந்துகொண்டு நான் பார்த்ததில்லை. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முன்பக்கம் குனிந்தாள்.

"பம்பர் ஏன் இவ்ளோ நேரா இருக்கு? இடது மூலை உள்ள போயிருக்கணுமே."

அக்காவுக்கு ஞாபகம் வந்துவிட்டது. விற்பதற்குக் கொஞ்சம் முன்னால், மார்க்கெட் வாசலில் நிறுத்தியிருந்தபோது எவனோ இடித்துவிட்டு ஓடிவிட்டான். அப்பாவே சொன்னாராம்.

"எவனும் இடிக்கல. உங்கப்பாதான் நேரா கொண்டுபோய் நம்ம வீட்டு கேட்டுல விட்டாரு." அம்மா மடித்த துண்டை உதறி மறுபடி மடித்தாள். "நான் டாக்டரைப் பாத்துட்டு வர்ற வரைக்கும் வண்டியிலயே உக்காந்திருந்தாரு. எப்படிச் சொல்றதுன்னு வழியெல்லாம் யோசிச்சு, வீட்டுக்கிட்ட வந்தப்பதான் வாயைத் திறந்தேன். மூணாவது ஒண்ணு வருதுன்னு."

மூன்று பேரும் அதை அப்போதுதான் கேட்கிறோம்.

"பயந்துட்டாராம்மா?" என்றேன்.

"சிரிச்சாரு. என்னையே பாத்து சிரிச்சிட்டிருந்தாரு, கேட்டைப் பாக்கல. அப்புறம், புள்ளைங்க காலத்துக்கும் கேலி பண்ணுவாங்க, நான் இடிச்சதை மட்டும் சொல்லிடாதன்னாரு."

இடது மூலைக் கட்டையை அவளே நெம்பிப் பார்த்தாள். நகம் வழுக்கியது. நான் எடுத்தேன்.

"அப்போ நானும் அதுல வந்திருக்கேன்."

"வராம? முன் சீட்டுல வந்த. இவங்க ரெண்டு பேரையும் அவரு அங்க உக்கார விட்டதே இல்ல."

"இது என்னம்மா நியாயம்?" என்றான் அண்ணன். காதோரம் நரைத்த மனுஷன், நிஜமாகவே முகம் சிவந்துவிட்டது. "நான் எத்தன தடவ கேட்டிருப்பேன்?"

அந்த வண்டிக்காக அவன் என்னோடு போட்ட முதல் சண்டை அது. நான் விட்டுக்கொடுக்கவில்லை.