பிங்கோ முடியும்வரை

இங்கிலாந்தின் ரோதர்ஹாம் தொழிலாளர் கிளப், ஞாயிறு மதியம். மேடையில் வாசிக்கும் இசைக்குழுப் பையன்களின் ராக் பாட்டைப் பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டு, செயலாளர் சீட்டில் எண் அடித்து ஜெயிக்கும் பிங்கோ ஆட்டத்துக்கு மைக்கில் எண்களை வாசிக்கிறார். இரும்பாலையில் இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்த நெவில், டிரம்முக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். மைக்கில் வரும் ஒவ்வொரு எண்ணின் சத்தத்துக்கும் டிரம்மின் அடித்தோலில் கட்டிய கம்பிகள் தானாக அதிர்கின்றன. உள்ளங்கையால் அமுக்கிப் பிடிக்கிறான். கண் சொருகுகிறது. "கையை எடுத்துடாத தம்பி, இப்பதான் காதுக்கு இதமா இருக்கு," என்கிறாள் முன்மேசையில் பிங்கோ ஆடும் டோரீன். மேசையே சிரிக்கிறது. கிதார் வாசிக்கும் லெஸ் குனிந்து, "தூங்கிடாதடா. அடுத்தது நம்ம சொந்தப் பாட்டு, மொத தடவை," என்கிறான். யாரோ ஜெயித்துக் கத்துகிறார்கள். நாற்காலிகள் இழுபடுகின்றன, எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்புகிறார்கள்; வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை இறைச்சி ஆறிக்கொண்டிருக்கிறது. லெஸ் மைக்கை வாங்குவதற்குள் கூடம் காலி. நெவில் கையை எடுக்கிறான். கடைசியாகக் கதவு அறைந்து சாத்தப்படும் சத்தத்துக்கு டிரம் மட்டும் ஒருமுறை சிலிர்த்து அடங்குகிறது.