பேட்டரி காரின் உறுமல்

எம்.டி. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கண்ணை மூடிக் கேட்டால்தான் சத்தத்தின் சூட்சுமம் பிடிபடும் என்பது அவர் கட்சி. மேஜைமேல் மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தாம் திருவாய் மலர்வதில் ஒரு சொல்லும் வீணாகக் கூடாதென்று மீட்டிங் முழுவதையும் பதிவு செய்யச் சொல்லிவிடுவார்.

சவுண்ட் இன்ஜினியருக்கு ஆபீஸில் 'காது' என்று பெயர். கம்பெனியின் புது பேட்டரி கார் சத்தமே இல்லாமல் ஓடியது. அதற்குப் பெரிய பெட்ரோல் காரின் உறுமலை ஸ்பீக்கர் வழியாகக் கொடுப்பதுதான் அவன் வேலை. தான் செய்த சத்தத்தை ஓடவிட்டு, நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான்.

எம்.டி. வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை. சுற்றியிருந்தவர்கள் இருமக்கூடப் பயந்து உட்கார்ந்திருந்தார்கள். திடீரென்று நிமிர்ந்தார்.

"என்னய்யா இது? மிக்ஸி ஓடுற மாதிரி இருக்கு!"

"சார், நிஜக் கார்ல எட்டு சிலிண்டர் இருக்கும். ஒவ்வொண்ணா வெடிச்சுப் புகையைத் தள்ளும். ரெண்டு வரிசையிலயும் ஒரே சீரா தள்ளாம முன்னப்பின்ன தள்றதாலதான் அந்தக் குடுகுடு சத்தமே. அப்புறம் குழாயோட நீளம், சைலன்ஸரோட வயிறு... நம்ம கார்ல இது ஒண்ணுமே இல்லியே சார். எல்லாம் கம்ப்யூட்டர்லதான்..."

"கணக்கெல்லாம் சரிய்யா, உயிர் எங்க? அது இன்ஜினோட மூச்சு! உள்ள இழுக்கணும், ஒரு நிமிஷம் அடக்கணும், தொண்டை அதிர வெளிய விடணும். திங்கட்கிழமைக்குள்ள அந்த மூச்சு வரல, நீ வீட்டுக்குப் போயிடு!"

'காது' தன் அறைக்குத் திரும்பினான். வேலை போனால் மச்சானின் பாத்திரக்கடையில்தான் போய் உட்கார வேண்டும். "எப்ப வேணாலும் வாங்க மாப்பிள்ளை" என்று கல்யாணத்தன்றே சிரித்தவன் அந்த மச்சான். அந்தச் சிரிப்பை நினைத்தாலே இவனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மூச்சு, தொண்டை... மனுஷர் சரியாக என்னதான் சொன்னார்? மீட்டிங் பதிவை முதலிலிருந்து போட்டுக் கேட்டான். பாதியில் சட்டென்று எழுந்து அறைக் கதவைத் தாழிட்டான். ஞாயிற்றுக்கிழமை வெளியே வந்தபோது அவன் முகத்தில் பயம் பாதி, சிரிப்பு பாதி.

திங்கட்கிழமை பட்டறையில் எம்.டி.யே ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தார். கறுப்புக் கண்ணாடியை ஏற்றியதும் உள்ளே ஆள் இருப்பதே தெரியவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

காரின் பின்பக்கம் கர்ரென்று இழுத்தது. ஒரு நொடி அடங்கியது. பிறகு குபுகுபுவென்று விட்டது பாருங்கள், அலமாரியில் இருந்த ஸ்பேனர்களெல்லாம் ஆடின. மெக்கானிக்குகள் கைதட்டினார்கள்.

கண்ணாடி பாதி இறங்கியது. "இதுதான்யா! இதத்தான் கேட்டேன்! எந்த இன்ஜின்யா இது?"

"கொஞ்சம் பழசு சார்..." 'காது' இழுத்தான். "ஆனா நல்ல கண்டிஷன்."

"என்ன கம்பீரம்! கண்ட இன்ஜினுக்கெல்லாம் இந்தக் குரல் வராது. இது ராஜ பரம்பரைய்யா!" கண்ணாடியை ஏற்றிவிட்டு ஆசை தீர மறுபடி மிதித்தார். மச்சானின் பாத்திரக்கடை 'காது'வின் கண்ணிலிருந்து மெல்ல மறைந்தது.

அந்த நேரம் பார்த்து எம்.டி.யின் மனைவி பட்டறைக்குள் வந்தார். நாத்தனார் வீட்டுக்குக் கணவரைக் கையோடு அழைத்துப்போக வந்தவர், இரண்டடி வைத்ததும் நின்றுவிட்டார். சத்தம் வரும் திசையில் காதைத் தீட்டிக் கேட்டார். பிறகு எல்லோர் முன்னாலும் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏன் தம்பி, இங்கயும் தூங்க ஆரம்பிச்சுட்டாரா?"