டப்பா கழுவும் காட்சி

அப்பா மறுபடியும் கதவைத் திறந்துகொண்டு வந்தார். மறுபடியும் மரக்கட்டை மாதிரி நின்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாடகைக் கேமராவை இருட்டுவதற்குள் திருப்பித் தரவேண்டும். ஜன்னல் வெளிச்சம் வேறு இறங்கிக்கொண்டிருந்தது. இன்று ஞாயிறு, விட்டால் அப்பாவுக்கு நாளை ஆபீஸ். வெளிச்சத்தை முகத்தில் திருப்பிவிடத் தெர்மகோல் பலகை பிடித்திருந்த தங்கை கை வலிக்கிறது என்று முனகினாள்.

படம் பொருளாதார நெருக்கடியைப் பற்றியது. வங்கி வாசலில் அலைமோதும் கூட்டத்தைக் காட்ட எனக்கு வக்கில்லை. அதனால் எல்லாவற்றையும் எங்கள் வீட்டுக்குள்ளேயே எடுத்துக்கொண்டிருந்தேன். நடிகர்களும் சம்பளம் கேட்காதவர்கள், அப்பாவும் அம்மாவும்.

இந்தக் காட்சிதான் படத்தின் உயிர். வேலை போன ஒருவர் நாள் முழுக்கப் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, அலுவலகத்திலிருந்து வருவதுபோல வீடு திரும்புகிறார். மனைவிக்கு எதுவும் தெரியாது. தோளைத் தொங்கப்போட்டு, பெருமூச்சு விட்டபடி வரவேண்டும் என்று அப்பாவிடம் தொண்டை வறளச் சொல்லியிருந்தேன்.

அப்பா பையைக் கீழே வைத்தார். "அப்படி வந்தா அன்னிக்கே மாட்டிக்குவான்மா. ஒரு தடவை என் போக்குல விடேன்."

எப்படியோ தொலையட்டும் என்று கேமராவை ஓடவிட்டேன்.

கதவு திறந்தது. அப்பா ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஆபீஸில் யாரோ அடித்த ஜோக்குக்கு இன்னும் சிரிப்பு அடங்காதவர் போல ஒரு முகம். நேராகச் சமையலறைக்குப் போனார். யாரும் திறந்து பார்ப்பதற்குள் சாப்பாட்டு டப்பாவைக் கழுவ ஆரம்பித்தார்.

எனக்குப் புல்லரித்தது. வேலையில்லாதவன் பொழுது போகாமல் காலையிலேயே சாப்பிட்டிருப்பான். மாலைக்குள் டப்பா காய்ந்துபோய்க் காட்டிக்கொடுத்துவிடும். இது எனக்குத் தோன்றவே இல்லையே!

கொஞ்ச நாளாகவே அவர் தன் டப்பாவைத் தானே கழுவிவைக்கிறார். அப்பா திருந்திவிட்டார் என்று நானும் தங்கையும் கிண்டல் செய்வோம். அந்தப் பழக்கத்தையே நடிப்பாக்கிவிட்டாரே மனுஷன்.

அடுத்து அம்மாவின் முறை. இன்றைக்கு வேலை அதிகமா என்று கேட்கவேண்டும், அவ்வளவுதான். சாதாரணமாகக் கேட்டால் போதும் என்று சொல்லிவைத்திருந்தேன்.

அம்மா அவர் பக்கத்தில் போய் நின்றாள். கை துடைக்கத் துண்டை நீட்டினாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"நாளைக்கு மழையாம். பார்க்ல உட்காராதீங்க, லைப்ரரிக்குப் போயிடுங்க."

என் கதையில் பார்க்கே கிடையாது.

தங்கை தெர்மகோலைத் தாழ்த்திவிட்டு என்னைப் பார்த்தாள். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. கட் சொல்ல வேண்டியவள் நான்தான்.

அப்பா துண்டை வாங்கவில்லை. கழுவி முடித்த டப்பாவை மறுபடியும் கழுவ ஆரம்பித்தார்.