உறைபனி தாங்கும் செடி

"அந்தச் சிவப்பு அசேலியாப் பூச்செடி நல்லா இருக்குதுங்க, அதையே வாங்கலாம்" என்றாள் வேலாமணி.

"சும்மா இரு! உனக்கு என்ன தெரியும்?"

ஊட்டி நர்சரியில் அத்தனை பேர் முன்னால் எரிந்து விழுந்தார் அவள் கணவர் ஆறுமுகசாமி. அதே வேகத்தில் நர்சரிக்காரரிடம் திரும்பினார்.

"போன மார்கழில வெச்ச சிவப்பு, பனில கருகிப் போச்சுங்க. பொழுது சாஞ்சா சாக்கு போட்டு மூடி, வெயில் வர்றதுக்குள்ள தண்ணி ஊத்திப் பனியைக் கழுவி, நான் படாத பாடு பட்டேன். உறைபனி தாங்குற செடியாக் குடுங்க."

வேலாமணி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப இந்த வெள்ளையை எடுத்துக்குங்க. எந்தப் பனிக்கும் அசையாது. ஊடு எந்தப் பக்கமுங்க?"

ஆறுமுகசாமி வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள். "தேவாலாங்க."

நர்சரிக்காரர் சிரித்துவிட்டார். "தேவாலாவுல ஏதுங்க உறைபனி? அங்க மழையில்ல கொட்டும்!"

"அதைத்தானுங்க நானும் கேக்கறேன்." வேலாமணி கணவரை நேருக்கு நேர் பார்த்தாள். "நம்மூட்டுல இதுவரைக்கும் ஒரு செடி வெச்சதில்லை. குந்தா பவர் ஹவுஸ்ல வேலை, மெஸ்ஸுலதான் படுக்கைன்னு சொல்லிட்டு, எவ ஊட்டு வாசல்ல சாக்கு போட்டு மூடுனீங்க?"

வேலாமணி நர்சரிக்காரர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, சிவப்பை என்கிட்டக் குடுங்க. வெள்ளையை இவரு கையில குடுங்க. மார்கழி மட்டுமில்ல, இனி வருசம் பூரா அவ ஊட்டுலயே காவல் கெடக்கட்டும்!"