மூன்றாவது வளைவில் பட்ட சேறு

பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் செய்த பந்தயக் காருக்கு அன்றுதான் பெயின்ட் காய்ந்திருந்தது. அதற்குள் பிரஷ் பழுப்புச் சாயத்தைத் தொட்டுக்கொண்டு வந்து நின்றது.

"ஐயையோ, பளபளன்னு இருக்கேன், அழுக்காக்காதே!" என்று கார் கெஞ்சியது.

"ஓடாத வண்டிக்கு அலமாரியில என்ன மரியாதை? பேசாம இரு" என்ற பிரஷ், சக்கரங்களைச் சுற்றிச் சேறு தீட்டியது. பக்கவாட்டில் இரண்டு கீறலும் போட்டது.

அலமாரியில் பக்கத்து இடம் ஒரு பொம்மை ஜீப்புக்கு. தினமும் வாசலில் உருண்டு, நிஜமாகவே புழுதி படிந்த ஜீப் அது.

"அண்ணே, இவ்வளவு சேறு எங்கே பட்டுது?" என்று அது பணிவாகக் கேட்டது.

கார் யோசித்தது. உண்மையைச் சொன்னால் அந்த 'அண்ணே' போய்விடும்.

"பந்தயத்துல, மூணாவது வளைவுல. நல்ல மழை" என்றது.

ஜீப் தினமும் அந்தக் கதையைக் கேட்டது. மறுநாள் கார் சொன்னபோது அந்த மழையோடு இடியும் சேர்ந்துகொண்டது. நான்காம் நாள் மூன்று வண்டிகள் கவிழ்ந்தன.

வெள்ளிக்கிழமை வீட்டைத் துடைத்தவர்கள் ஜீப்பையும் குழாயடியில் கழுவி, பளிச்சென்று பழைய இடத்திலேயே வைத்தார்கள். கார் அதை மேலும் கீழும் பார்த்தது.

"புதுசா? பயப்படாதே தம்பி, ஓட ஓடப் பழகிடும்" என்றது.