மான் தலையும் கழுகும்

படைமுகாம் வாசலுக்கு எதிரே இருக்கும் தையல் கடையில் மதிய வெயில் மேஜை விளிம்புவரை வந்து நிற்கிறது. வந்தவள் கைக்குட்டையைப் பிரித்து ஒரு துணிச் சின்னத்தைத் தையல்காரர் முன்னால் வைக்கிறாள். இறந்துபோன மகனின் சாமான்கள் என்று சொல்லி முகாம் ஆபீஸ் நேற்று அனுப்பிய பெட்டியில் இருந்ததாம். கருநீலத் துணியில் வெள்ளிநூல் கழுகு. "எம் பையன் பிரிவுக்கு மான் தலைதானே அண்ணே? அவன் தோள்ல நான் பாத்ததெல்லாம் மான்தான். கழுகுன்னா அவனுக்கு ஆகவே ஆகாது, கோழி திருடின்னு திட்டுவான்." சிரிக்கக்கூடச் செய்கிறாள். "ஆள மாத்திட்டாங்க. இது வேற யாரு பெத்த புள்ளையோ."

"உக்காருங்கம்மா" என்கிறார். சின்னத்தைத் திருப்புகிறார். பின்புறம் நூலை முடித்திருப்பது அவருடைய கைதான். அவள் மகனின் பிரிவு முன்னொரு காலத்தில் பனியில் வழி தவறி, ஒரு மானின் தடம் பிடித்து உயிரோடு திரும்பியதாம். அன்று எடுத்துக்கொண்ட சின்னம் அந்த மான் தலை. போன மாதம் ஆள் குறைந்துபோனதால் அந்தப் பிரிவைக் கழுகுப் பிரிவோடு சேர்த்துவிட்டார்கள். சட்டை சட்டையாக மானைப் பிரித்துக் கழுகைத் தைத்தவர் இவரே.

"இருபது வருஷமா நீங்கதானே தைக்கிறீங்க. இது மான் பிரிவோடது இல்லன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. ஆபீஸ்ல காட்டிக்கிறேன்." பேனாவை அவளே திறந்து அவர் விரல்களுக்குள் வைக்கிறாள். மேஜைக்கு அடியில், பிரித்தெடுத்த மான் தலைகள் ஒரு தகர டப்பா நிறையக் கிடக்கின்றன. அதைக் காலால் மெதுவாக உள்ளே தள்ளுகிறார். பிறகு தாளில் தேதியை எழுதுகிறார். தேதியை மட்டும்.