முந்நூறு ஏக்கர் சோளம்

“உங்களுக்குத் தெரியாததையா நான் சொல்லிடப் போறேன்?” என்று சிரித்தார் விவசாயி சிவசுப்பிரமணியன்.

அபிநயாவுக்கு எரிச்சலாக வந்தது. காலையிலிருந்து இதே பதிலைச் சொல்லும் ஏழாவது ஆள் இவர். டீக்கடை வேம்புவோ ஒரு படி மேலே போய், “போங்க மேடம், நல்லா நடிக்கிறீங்க” என்று கண்ணாடி டம்ளரை நீட்டிவிட்டாள்.

சென்னையில் அரசின் பொருளாதாரக் கொள்கைப் பிரிவில் அபிநயா துணை இயக்குநர். பெரம்பலூருக்கு இந்த வருடம் சின்ன வெங்காயத் திட்டம் கொண்டுவந்தது அவள்தான். விதைக்கு மானியம், விளைந்ததைச் சேமித்து வைக்கப் பட்டறை, விலை விழுந்தால் அரசே வாங்கிக்கொள்ளும். மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு போட்ட திட்டம்.

பக்கத்து ஊர்களில் எல்லாம் வெங்காயம் பச்சைப் பசேல் என்று நின்றது. பாடாலூரை ஒட்டிய அவளுடைய சொந்த ஊரில் மட்டும், போன வருடம் வெங்காயம் விளைந்த முந்நூறு ஏக்கரிலும் இப்போது மக்காச்சோளம்.

“உங்க ஊர்லயே எடுபடாத திட்டத்தை மத்த மாவட்டத்துக்கு எப்படிம்மா கொண்டு போறது? திங்கக்கிழமை காரணத்தோட வாங்க. இல்லன்னா மூடிடலாம்” என்று துறைச் செயலாளர் சொல்லி அனுப்பியிருந்தார்.

காரணம் கிடைத்தால்தானே?

“போன தடவை வெங்காயத்துல நோய் கீய் வந்துச்சா?”

“அதெல்லாம் இல்லீங்க.”

“விதை கிடைக்கலையா?”

“வூடு தேடி வந்து குடுத்தாங்களே.”

“சோளத்துக்கு விலை ஏறும்னு யாராச்சும் சொன்னாங்களா?”

சிவசுப்பிரமணியன் ஓரக்கண்ணால் லியோ பிரபுவைப் பார்த்தார். அபிநயாவின் உதவியாளனான அவன் ஒரு வார்த்தை விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான்.

“சேச்சே! யாரும் வாயத் தொறக்கல. அப்படியே எழுதிக்குங்க தம்பி” என்றவர், எப்படிச் சமாளித்தேன் பார் என்பதுபோல் அபிநயாவைப் பார்த்துத் தலையசைத்தார்.

இந்த ஊருக்கே என்ன ஆயிற்று?

“லியோ, நீங்க ஜீப்புல இருங்க.”

அவன் நகர்ந்ததும் சிவசுப்பிரமணியன் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

“அப்பாடா! ஆபீஸ் ஆளப் பக்கத்துல வச்சுக்கிட்டுக் கேட்டா எப்படிம்மா சொல்றது? உங்க வேலைக்கே வேட்டு வச்ச மாதிரி ஆயிடாதா?”

“என் வேலைக்கா? ஐயா, சத்தியமா எனக்கு ஒண்ணுமே புரியல.”

“ஆவணியில மொத ஆளா சோளம் வெதச்சது யாரு? உங்கப்பா! பயிருக்கு என்ன செய்யணும்னு முடிவு பண்ற எடத்துல பொண்ணு இருக்கு. வெளில சொல்லக் கூடாது, சரி. பெத்தவருகிட்டயுமா சொல்லாம இருக்கும்? ஊருக்கு வெங்காயம், அப்பாவுக்குச் சோளம்னா என்ன அர்த்தம்? பொழுது சாயறதுக்குள்ள விதைக்கடையில சோளம் தீந்துபோச்சு.”

அபிநயா சோளக்காட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஒரு காலத்துல உங்கப்பா ராசாங்கம் எங்க காட்டுல கூலிக்கு நிப்பாரு. என்ன வெதைக்கணும்னு நான் சொல்லுவேன். இப்ப அவரு காட்டப் பாத்து நான் வெதைக்கிறேன்” என்றார் அவர். குறையாகச் சொல்லவில்லை, கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

“எங்கப்பா எப்படி வெதச்சிருப்பாரு? எங்க ரெண்டு ஏக்கரையும் குத்தகைக்கு விட்டாச்சே!”

“அது... அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க” என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு நழுவிவிட்டார்.

ஜீப்பில் ஏறியும் குழப்பம் தீரவில்லை. போன தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது, வெங்காயக் காட்டில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்த அப்பாவை ரோட்டிலிருந்தே பார்த்துவிட்டாள். காரை நிறுத்தி, டிரைவர் முன்னாலேயே சத்தம் போட்டாள். இனிமேல் காட்டுப் பக்கமே போகக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டாள். அடுத்த வாரமே குத்தகைக்கு விட்டுவிட்டதாக அப்பா போனில் சொன்னார்.

ஜீப் வந்த சேதி ராசாங்கத்துக்கு முன்பே எட்டியிருந்தது. வெளுத்த சட்டையோடு வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பித்தான்.

“வா பாப்பா. ஒரு போன் பண்ணிட்டு வரக் கூடாதா?”

“காட்டைக் குத்தகைக்கு விட்டேன்னு சொன்னீங்களேப்பா. நீங்களேவா சோளம் போட்டீங்க?”

அவர் இன்னொரு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

“வெலை ஏறும்னு நான் சொன்னேனா?”

“இல்லம்மா.”

“வெங்காயம் போட வேணாம்னு சொன்னேனா?”

“இல்லம்மா.”

“பின்ன ஏம்ப்பா? உங்களப் பாத்து ஊரே போட்டிருக்கு. திங்கக்கிழமை நான் காரணம் சொல்லணும். சொல்லலன்னா என் மூணு வருச உழைப்பும் போச்சு.” கெஞ்சுவது போல அவர் கையைப் பிடித்தாள்.

அவர் ‘ஸ்’ என்று கையை இழுத்துக்கொண்டார். விலகிய சட்டைக்குள்ளே சோளத் தோகை அறுத்த கோடுகள் சிவப்பு சிவப்பாகத் தெரிந்தன. ராசாங்கம் அவசரமாகச் சட்டையை இழுத்து மூடினார்.

“சும்மா உக்கார முடியல பாப்பா. நீயோ சொல்லாமக் கொள்ளாம வர்ற. வெங்காயம் முழங்கால் உசரம்கூட வராது...” தரையைப் பார்த்தபடியே சொன்னார்: “சோளம்னா ஆள் உசரத்துக்கு மேல வளரும். நீ வர்ற ரோட்டுலேருந்து பாத்தா, உள்ள நான் நிக்கிறது தெரியாதில்ல?”